கட்டைக்கணக்கும் ஐந்து கோடும்

என்னிடம் ஹார்மோனியமோ கீபோர்டோ கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ராகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "ஏனுங் மாஸ்டர், நம்ம குரலு எத்தன கட்டைங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பஜனை மடம், தெருக்கூத்து, மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி என்று பழகிய சேலம், நாமக்கல் ஊர்களில் கட்டை என்ற சொல்லைக் கேட்காத காது கிடையாது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் திருப்பிக் கேட்டால் பாதிப்பேர் "சத்தமா பாடறதுங்க" என்பார்கள். சத்தத்துக்கும் கட்டைக்கும் சம்பந்தமில்லை. மெல்ல முனகினாலும் ஐந்து கட்டை ஐந்து கட்டைதான்.

ஹார்மோனியத்தின் மரக்கட்டைகளை எண்ணுவதிலிருந்து வந்த கணக்கு இது. மேற்கத்தியர் சி என்று அழைக்கும் வெள்ளைக் கட்டை நமக்கு ஒன்று. அங்கிருந்து வலப்பக்கமாக வெள்ளைகள் இரண்டு, மூன்று என்று ஏழு வரை போகும். நடுவில் இருக்கும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, ஏழரையும் கிடையாது. அந்த இடங்களில் கறுப்புக் கட்டையே இல்லை. (ஏழரை இல்லாதது நல்லதுக்குத்தான் என்று ஒரு அம்மா சொன்னார்.) ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு, மொத்தம் பன்னிரண்டு. பதின்மூன்றாவது கட்டை மறுபடி ஒன்று. ஒலி அதே, அதிர்வு மட்டும் இரண்டு மடங்கு. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவில் நடு ஆறாம் கட்டை நொடிக்கு 440 முறை அதிரும். அதற்கு மேல் வரும் ஆறு 880, கீழே வரும் ஆறு 220. பழைய ஹார்மோனியங்கள் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும், அது வேறு.

உங்கள் கட்டை எது என்று தெரிய ஒரு வழி உண்டு. ஒரு கட்டையை ச என்று வைத்துக்கொண்டு கீழே மந்தர ஸ்தாயி ப வரை இறங்குங்கள், பிறகு மேலே தார ஸ்தாயி ப வரை ஏறுங்கள். இரண்டு முனையிலும் தொண்டை நெரியாவிட்டால் அதுதான் உங்கள் சுருதி. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு. பெண்களுக்கு ஐந்தை ஒட்டி அமையும். கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் மாதிரி, மைக் இல்லாத நாடக மேடையிலிருந்து கடைசி வரிசைக்குப் பாடியவர்களின் கணக்கு தனி. சத்தமும் கட்டையும் ஒன்று என்ற எண்ணம் நம் ஊரில் அவர்கள் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ச என்ற சுரத்துக்குச் சொந்த இடம் கிடையாது. நீங்கள் வைத்த இடம்தான் அதன் இடம். மற்ற ஆறும் அதிலிருந்து எத்தனை படி தள்ளி என்பதைத்தான் சொல்கின்றன. ப எப்போதும் ச-வைப் போல ஒன்றரை மடங்கு அதிரும், சுத்த மத்தியமம் மூன்றில் நான்கு. பழந்தமிழில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றார்கள். ச, ப இரண்டும் அசையாதவை. ரி, க, த, நி ஒவ்வொன்றுக்கும் மூன்று வகை, ம-வுக்கு இரண்டு. ஆக மொத்தம் பதினாறு பெயர். கட்டை பன்னிரண்டுதான் என்பதால் சில இடங்களுக்கு இரண்டு பெயர் விழும்: ரி2 விழும் இடமே க1, ரி3 விழும் இடமே க2. த, நி இரண்டிலும் இதே கதை. பன்னிரண்டு போதுமா, இடையில் இன்னும் நுட்பமான சுருதிகள் உண்டா என்பது பெரிய வழக்கு. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' அந்த வழக்குக்காகவே எழுந்த மலை. 22 அல்ல, 24 என்பது அவர் கட்சி. கீபோர்டு வாங்கி வைத்திருக்கும் நாம் பன்னிரண்டோடு நிற்கலாம்.

முதல் கட்டையை ச என்று வைத்து வெள்ளைகளை மட்டும் வாசித்தால் வருவது சங்கராபரணம். மேற்கே இதைத்தான் சி மேஜர் என்கிறார்கள். ஆனால் நம் பாடம் தொடங்குவது மாயாமாளவகௌளையில். புரந்தரதாசர் வகுத்த முறை என்று மரபு சொல்லும். அதில் ரி-யும் த-வும் கறுப்புக்குப் போகும்: ஒன்று, ஒன்றரை, மூன்று, நான்கு, ஐந்து, ஐந்தரை, ஏழு. வெள்ளைக் கட்டை சுலபம், அதை விட்டுவிட்டு ஏன் இது என்று கேட்பவர்கள் உண்டு. பாடிப் பார்த்தால் காரணம் தெரியும். ச-வை ஒட்டி ரி, ப-வை ஒட்டி த, பிறகு இரண்டிலும் ஒரே அளவு தாவல். கீழ்ப்பாதியும் மேல்பாதியும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருப்பதால் காது சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

வெள்ளைக் கட்டைகளிலேயே இன்னொரு வேடிக்கை. கறுப்பைத் தொடாமல் ச-வை மட்டும் நகர்த்துங்கள். இரண்டில் ச வைத்தால் கரகரப்பிரியா. மூன்றில் தோடி. நான்கில் கல்யாணி, ஐந்தில் அரிகாம்போதி, ஆறில் நடபைரவி. ஏழில் மட்டும் ப கிடைக்காது. கட்டைகள் அதேதான், குரல் நிற்கும் இடம் மாறியதும் ராகமே மாறிவிடுகிறது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு ஆயர் பெண்களை ஏழு சுரங்களின் பெயரால் வட்டமாக நிறுத்தி இளங்கோ காட்டுவதும், உரைகாரர்கள் பாலைத் திரிபு என்று விரித்துச் சொல்வதும் இந்த வித்தையைத்தான். அந்த உரைகாரர்களில் அடியார்க்கு நல்லார் கொங்குநாட்டு நிரம்பைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 1892-ல் உ. வே. சாமிநாதையர் அந்த உரையோடு நூலை அச்சேற்றாமல் இருந்தால் பழந்தமிழ் இசையைப் பற்றி நாம் பேசுவதில் பாதி பேச முடியாது.

இனி எழுதுவது. சுர நோட்டில் ஒரு எழுத்து ஒரு எண்ணிக்கை. 'ச' என்றால் ஒன்று, 'சா' என்றால் இரண்டு. இன்னும் நீள வேண்டுமானால் பக்கத்தில் காற்புள்ளி போட்டால் ஒரு எண்ணிக்கை கூடும். அரைப்புள்ளி போட்டால் இரண்டு. எழுத்துகளுக்கு மேல் ஒரு கோடு இழுத்தால் வேகம் இரட்டிப்பு, இரண்டு கோடு என்றால் நான்கு மடங்கு. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. தாளத்தின் அங்கம் முடியும் இடத்தில் ஒற்றைக்கோடு, சுற்று முடிந்தால் இரட்டைக்கோடு. சரளி வரிசையின் முதல் வரி தாளில் இப்படி இருக்கும்:

ச ரி க ம | ப த | நி ச் ||

கடைசி எழுத்தைக் கண்டு தமிழாசிரியர் யாரும் பயப்பட வேண்டாம். மேல் ச-வுக்கு வைத்த புள்ளி தமிழில் மெய்யெழுத்துப் புள்ளியாகவே விழுந்துவிடும். வேறு லிபிகளில் இந்தச் சங்கடம் இல்லை. படிக்கும்போது எல்லோரும் அதை நீட்டி 'சா' என்றுதான் பாடுவார்கள்.

கோடுகள் இருக்கும் இடத்தைப் பாருங்கள்: நான்கு, இரண்டு, இரண்டு. அதுதான் ஆதிதாளம். நான்கு எண்ணிக்கை உள்ள லகுவுக்கு ஒரு தட்டு, மூன்று விரல். திருதத்துக்கு ஒரு தட்டு, ஒரு வீச்சு. அது இரண்டு முறை. மொத்தம் எட்டு. ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் எத்தனை துண்டு என்பது நடை. தகதிமி என்று நான்காக உடைந்தால் சதுஸ்ரம், தகிட என்று மூன்றாக உடைந்தால் திஸ்ரம். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போயிருந்தால் திஸ்ரத்தை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பம்பைக்காரர் மூன்று மூன்றாகத் தட்டும்போது கால் தானாக ஆடியிருக்கும். இலக்கணத்தை உடம்பு முன்பே படித்துவிடுகிறது, பெயர் மட்டும்தான் பிறகு வருகிறது.

தாளச் சொல்லை எழுதி வைக்கும் பழக்கம் எங்கள் கொங்கு வட்டாரத்தில் ரொம்பப் பழையது. ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் வழியில் அறச்சலூர். அங்கே நாகமலைக் குகை ஒன்றில், வட்டெழுத்தாக மாறத் தொடங்கிய தமிழ் பிராமியில் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1960-களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். த, தை, தா, தே போன்ற சொற்கள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து கீழே வந்தாலும் கீழிருந்து மேலே போனாலும் அதே கோவைதான் வரும். எழுத்தைச் சேர்த்தவன் தேவன் சாத்தன் என்று பெயரும் வெட்டியிருக்கிறான். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. ஆட்டத்துக்கான சொற்கட்டு என்கிறார்கள் அறிஞர்கள். இது சுரம் அல்ல, தாளம். சுரத்தைக் கல்லில் பார்க்கப் புதுக்கோட்டை அருகே குடுமியான்மலைக்குப் போக வேண்டும். ஏறத்தாழ ஏழாம், எட்டாம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில், மாணவர்களுக்கென்று ஏழு ராகங்களின் சுரக் கோவைகள் நான்கு நான்காக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே சுரம் அ, இ, உ, எ என்று உயிர் மாறி வருகிறது. ஏன் அப்படி என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

நான் இளம்பிள்ளைக்காரன். அப்பா ஜக்கார்டு தறிகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்தவர். கிராஃப் தாளில் ஒரு வரிசை என்றால் ஒரு ஊடை. அந்த வரிசையில் எந்தக் கட்டங்களை நிரப்பியிருக்கிறதோ அந்தப் பாவு இழைகள் மேலே தூக்கும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். தறிக்காரருக்குப் பூ எப்படி வரும் என்று தெரியவேண்டிய அவசியம்கூட இல்லை, அட்டை ஓடினால் பூ விழும். மேற்கத்திய நோட்டேஷனை முதலில் பார்த்தபோது எனக்குப் பயம் வராததற்கு அந்தக் கிராஃப்தான் காரணம். கட்டத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்: மேலே கீழே போவது ஒலியின் உயரம், இடமிருந்து வலமாகப் போவது நேரம். 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அரெஸ்ஸோ ஊர்த் துறவி குய்டோ, பாடகர் பையன்கள் பார்த்துப் படிக்கக் கோடுகளைப் போட்டுக் கொடுத்தார். பின்னால் அது ஐந்து கோடாக நிலைத்தது.

கோடுகளின் முன்னால் சுருண்டு நிற்கும் குறிக்கு ட்ரெபிள் கிளெஃப் என்று பெயர். அதன் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றியிருக்கும். அந்தக் கோடு ஐந்தாம் கட்டை. மற்றதெல்லாம் அதிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். ஆங்கில எழுத்துகளை வைத்துச் சொல்லித்தந்தால் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள் என்று நான் கட்டையிலேயே சொல்லித்தருகிறேன். கீழிருந்து மேலாக ஐந்து கோடுகள்: மூன்று, ஐந்து, ஏழு, இரண்டு, நான்கு. நடுவில் உள்ள நான்கு சந்துகள்: நான்கு, ஆறு, ஒன்று, மூன்று. கோடுகளுக்குக் கீழே குட்டிக்கோடு ஒன்றில் குத்தி நிற்பது நடு ஒன்றாம் கட்டை. இதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நீளம் புள்ளியின் உருவத்தில் இருக்கிறது. உள்ளே வெற்றாக, வால் இல்லாமல் இருந்தால் செமிப்ரீவ், நான்கு எண்ணிக்கை. வெற்று உருவத்துக்கு ஒரு குச்சி வந்தால் மினிம், இரண்டு. உள்ளே கறுத்தால் க்ரோட்செட், ஒன்று. குச்சியில் ஒரு கொக்கி விழுந்தால் க்வேவர், அரை. இரண்டு கொக்கி என்றால் செமிக்வேவர், கால். சரளி வரிசையின் முதல் காலத்தை க்ரோட்செட்டாக எழுதினால் இரண்டாம் காலம் க்வேவர், மூன்றாம் காலம் செமிக்வேவர். மௌனத்துக்கும் இங்கே தனித்தனிக் குறிகள் உண்டு. நம் காற்புள்ளி நீட்டலைச் சொல்லுமே தவிர, வாயை மூடு என்று சொல்லாது.

இந்த ஐந்து கோட்டின் நிஜமான பலம் ஒற்றைப் பாட்டை எழுதுவதில் இல்லை. ஒரே ஊடையில் பல இழைகள் சேர்ந்து தூக்குவதுபோல, ஒரே நேரக்கோட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகப் புள்ளிகளை அடுக்கினால் அவை ஒன்றாக ஒலிக்கும். ஒன்று, மூன்று, ஐந்து மூன்றையும் அடுக்கினால் சி மேஜர் கார்டு. இப்படி ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரி எழுதி அடுக்கிக்கொண்டே போனால் ஒரு பெரிய இசைக்குழுவையே ஒரு பக்கத்தில் கட்டிவிடலாம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. நம் டீக்கடைப் பாட்டு எதையும் கேட்டு வளராதவர்கள் அவர்கள். முன்னால் இருந்த தாள் போதுமாக இருந்தது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டவர் இளையராஜா.

நம் பக்கம் நடந்ததோ நேர் எதிர். திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது அடியார்களைக் குளிர்ஜுரம் வாட்டியது, அவர் திருநீலகண்டப் பதிகம் பாடியதும் ஜுரம் விட்டது என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. அந்தப் பதிகத்தின் பண் வியாழக்குறிஞ்சி என்று ஏட்டில் குறிப்பு இருக்கிறது. சுரம் ஒன்றுகூட இல்லை. பண்ணின் பெயரை மட்டும் எழுதி, பாட்டை ஓதுவார் தொண்டையில் வைத்துவிட்டார்கள். இன்று வியாழக்குறிஞ்சியை சௌராஷ்டிர ராகத்தில் பாடுகிறார்கள். சம்பந்தர் பாடியதும் அதுவேதானா என்று கேட்டால் காட்டுவதற்குத் தாள் இல்லை. கச்சேரி மரபும் நெடுங்காலம் இப்படித்தான் வந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு ஆரம்பத்தில் பாடம் சொன்னவர்களில் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரும் ஒருவர். அந்தக் காலத்துப் பாடம் என்றால் வாய்ப்பாடம்தான். பிறகு இருபதாம் நூற்றாண்டுக் கச்சேரியின் அமைப்பையே தீர்மானித்தவர் அரியக்குடி.

வாய்ப்பாடத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒன்றாம் கட்டையில் ச வைத்துக்கொண்டு தோடியின் க-வை கீபோர்டில் அழுத்திப் பாருங்கள். இரண்டரைக் கட்டை அசையாமல் நிற்கும். பாடுகிறவரிடம் அது நிற்பதே இல்லை, பக்கத்துச் சுரங்களைத் தொட்டுத் தொட்டு ஆடும். அந்த ஆட்டம்தான் கமகம். கமகத்தை எடுத்துவிட்டால் தோடி இல்லை. சுர நோட்டும் 'க' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது, ஐந்து கோடும் ஒரு புள்ளியோடு முடித்துக்கொள்கிறது. இதை எழுத்தில் பிடிக்கத் துணிந்தவர் எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதர். 1904-ல் தெலுங்கு எழுத்தில் வந்த அவருடைய 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி'யில் ஒவ்வொரு வகை அசைவுக்கும் தனித்தனிக் குறிகள். அவரை அதற்கு உந்தியவர்களில் முக்கியமானவர் ஏ. எம். சின்னசாமி முதலியார், 1890-களில் நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டில் எழுதி வெளியிட்டவர். இந்த இரண்டு பேரைத்தான் நம் ஊர்ப் பள்ளிப் பாடத்தில் வைக்க வேண்டும் என்பேன். எழுதினால் சங்கீதம் கெட்டுவிடும் என்று சொன்னவர்களின் காலத்தில் எழுதியவர்கள்.

இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்றுத்தர நான் எடுத்துக்கொள்வது முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு கேட்டு, அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் கட்டினார். இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டும் அதில் ஒன்று. எல்லாம் சங்கராபரணம், கமகத் தொல்லை கிடையாது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

வகுப்பில் இரண்டு பேர். ஒருவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், ஐயப்பன் பஜனையில் பாடுகிறவர். மற்றது ராசிபுரத்துப் பெண், டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் படிக்கிறது. ஒரு நோட்டுஸ்வரத்தை அவர் சுரத்தில் எழுத வேண்டும், அவள் கோட்டில். ஒன்றாம் கட்டையில் இரண்டு தாளும் ஒத்துப்போயின. பிறகு ச-வை ஐந்தாம் கட்டைக்கு மாற்றச் சொன்னேன். வெல்டர் தாளில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அவள் எல்லாப் புள்ளியையும் நகர்த்தி, முன்னால் நாலரைக்கு ஒரு ஷார்ப் குறியும் போட்டாள். நான்காம் கட்டைக்கு என்றேன். மறுபடி முழுவதும் அழித்து எழுதி, இந்த முறை ஆறரைக்கு ஒரு ஃப்ளாட்.

"நம்முளுதே மேலுங்க, அம்மிணி. எங்க போனாலும் ஒரே தாளு" என்றார் அவர்.

"அண்ணா, நீங்க ஒருத்தரு பாடறீங்க. உங்க கூட வயலின், ஃப்ளூட், பேஸ் கிடார் எல்லாம் வேற வேற வாசிக்கணும்னா உங்க தாள்ல எங்க எழுதுவீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் குடுத்துரலாமுங்க" என்றார்.

சரி, நான்காம் கட்டையில் சேர்ந்து வாசியுங்கள் என்றேன். அவர் ச பிடித்தார். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஐந்து முறை தட்டி, ஒன்றாம் கட்டை விரலிலேயே முழுவதையும் வாசித்து முடித்துவிட்டாள். அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்பது என் வகுப்பில் விதி.